கையால் எறியும் கிளைடர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளிப் பிள்ளைகளுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் விமான மாதிரிகள் செய்யச் சொல்லிக் கொடுக்கும்போது ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. போனில் கூப்பிடுபவர்களும் அதையேதான் கேட்கிறார்கள். அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். மோட்டார், ரிமோட் எதுவும் இல்லாமல், கையால் எறிந்து பறக்க விடும் சின்ன கிளைடர்தான் விஷயம். முதல் முறை செய்பவர்கள் வரிசையாகப் படியுங்கள். செய்து முடித்துவிட்டுப் பறக்காமல் திண்டாடுபவர்கள் நேராக "மூக்குல வெயிட்" கேள்விக்குப் போய்விடலாம். பெரும்பாலான சிக்கல்கள் அங்கேயே தீரும்.

"பேப்பர் ராக்கெட்டும் கிளைடர்தானே? இதுக்கு ஏன் இவ்வளவு மெனக்கெடணும்?"

பேப்பர் ராக்கெட்டும் கிளைடர்தான். ஆனால் அதன் இறக்கை குட்டை, அகலம் அதிகம். அப்படிப்பட்ட இறக்கை காற்றில் நிறைய சக்தியை வீணாக்கும். எறிந்த வேகம் தீர்ந்ததும் சட்டென்று இறங்கிவிடும்.

கண் உயரத்திலிருந்து, அதாவது சுமார் ஒன்றரை மீட்டரிலிருந்து, மெதுவாகத் தள்ளிவிட்டால் ஒரு நல்ல கிளைடர் 9, 10 மீட்டர் போய் வயிறு தரையில் உரச இறங்க வேண்டும். ஒரு மீட்டர் இறங்குவதற்குள் ஆறேழு மீட்டர் முன்னால் போகிறது என்று அர்த்தம். இதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். உங்களுடையது 5 மீட்டரில் விழுந்தால் எங்கோ சரி செய்ய இடமிருக்கிறது.

"மோட்டாரே இல்லாம எப்படி சார் முன்னாடி போகுது?"

இறக்கத்தில் பெடல் மிதிக்காமல் சைக்கிள் போகிறதே, அதே கணக்குதான். கிளைடர் எப்போதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கிக்கொண்டே இருக்கிறது. அந்த இறக்கம்தான் அதற்கு வேகத்தைக் கொடுக்கிறது. இறக்கம் எவ்வளவு சாய்வாக, எவ்வளவு மெதுவாக இருக்க வேண்டும் என்பதுதான் நம் வடிவமைப்பு வேலை முழுவதும்.

"பால்சா மரம்தான் வேணுமா? எங்க ஊர்ல கிடைக்கலையே"

கிடைத்தால் பால்சாவே சிறந்தது. தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட மரம். உலகச் சந்தைக்குப் பெரும்பகுதி எக்குவடோரிலிருந்துதான் வருகிறது. ஒரு கன சென்டிமீட்டர் பால்சா பொதுவாக 0.1 முதல் 0.2 கிராம்தான் இருக்கும். அந்த எடைக்கு இவ்வளவு விறைப்பான மரம் வேறு எதுவும் எளிதில் கிடைக்காது. ஹாபி கடைகளில் 1 மி.மீ., 3 மி.மீ. தகடுகளாக விற்கிறார்கள், ஆன்லைனிலும் வாங்கலாம். ஒரே கட்டில் உள்ள தகடுகளே எடையில் ரொம்ப வித்தியாசப்படும். கையில் தூக்கிப் பார்த்து லேசானதை இறக்கைக்கும், கெட்டியானதை உடலுக்கும் எடுங்கள்.

கிடைக்காவிட்டால் தெர்மாகோல் தகடு போதும். 4, 5 மி.மீ. தடிமனில் எடுத்து, முன் விளிம்பிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளி, முனைக்கு முனை ஒரு மெல்லிய மூங்கில் குச்சியைப் பதித்து ஒட்டுங்கள். அது இல்லாமல் விட்டால் எறியும் வேகத்தில் இறக்கை மடங்கிவிடும். உடலுக்கு மூங்கில் சீவல் நன்றாக உழைக்கும். அட்டையை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அதன் எடைக்கு அதில் விறைப்பு போதாது, ஈரம் பட்டால் முறுக்கிக்கொள்ளும்.

"அண்ணா, அளவு மட்டும் சொல்லுங்க, அப்படியே வெட்டிக்கிறேன்"

சரி. 3 மி.மீ. பால்சாவில் இறக்கை. முனைக்கு முனை 46 செ.மீ. அகலம் நடுவில் 8, முனையில் 6 செ.மீ. முன் விளிம்பு நேராக இருக்கட்டும், பின் விளிம்பு மட்டும் சாயட்டும். மரத்தின் ரேகை இறக்கையின் நீளவாக்கில் ஓட வேண்டும். இறக்கையை இரண்டு துண்டாக வெட்டி நடுவில் இணைப்போம்.

உடல் 40 செ.மீ. நீளக் குச்சி. மூக்குப் பக்கம் 1 செ.மீ. உயரம், வால் பக்கம் போகப் போக அதில் பாதி. மூக்கு நுனியிலிருந்து 10 செ.மீ. தள்ளி இறக்கையின் முன் விளிம்பு வரும். கிடை வால் 1 மி.மீ. பால்சாவில் 12 செ.மீ.க்கு 4.2 செ.மீ. செங்குத்து வால் 4 செ.மீ. சதுரம், முன் மூலையைச் சாய்த்து வெட்டிக்கொள்ளலாம். அதில் மட்டும் மரத்தின் ரேகை மேலும் கீழுமாக ஓடட்டும். மூக்கு வெயிட்டோடு சேர்த்து மொத்தம் 16, 17 கிராம் வரும். 20ஐத் தாண்டினால் மரம் கனமானது, அல்லது பசை அதிகம்.

"இந்த நம்பரெல்லாம் எங்கிருந்து வந்துச்சு? நானே டிசைன் பண்ணணும்னா?"

முதலில் இறக்கையை முடிவு செய்யுங்கள். நீளத்தைச் சராசரி அகலத்தால் வகுத்தால் இந்த அளவு கிளைடருக்கு 6 முதல் 8 வரை வரலாம். மேலே சொன்னதில் 46ஐ 7ஆல் வகுத்தால் ஆறரை. பெரிய கிளைடர்களில் இது 20க்கும் மேலே போகும். அதைப் பார்த்து நீங்களும் ஒல்லியாக வெட்டினால் அகலம் 3 செ.மீ.க்கு வந்து நிற்கும். அவ்வளவு குறுகிய இறக்கை இந்த வேகத்தில் ஒழுங்காக வேலை செய்யாது. காரணம் அடுத்த கேள்வியில் வருகிறது.

அடுத்தது வால். வாலின் பரப்பும், இறக்கையிலிருந்து அது எவ்வளவு தூரம் என்பதும் சேர்ந்துதான் அதன் பலம். கிடை வாலின் பரப்பை அந்தத் தூரத்தால் பெருக்குங்கள். வந்ததை, இறக்கையின் பரப்பையும் சராசரி அகலத்தையும் பெருக்கி வரும் எண்ணால் வகுங்கள். விடை 0.5க்குப் பக்கத்தில் இருந்தால் நிம்மதி. நம் அளவில்: வால் 50 சதுர செ.மீ., தூரம் 24 செ.மீ., இறக்கை 322 சதுர செ.மீ., அகலம் 7. கணக்குப் போட்டால் 0.53. தூரத்தை இறக்கையின் முன் விளிம்பிலிருந்து கால்பங்கு அகலம் தள்ளிய இடத்திலிருந்து, வாலிலும் அதேபோல் கால்பங்கு தள்ளிய இடம் வரை அளக்க வேண்டும். 0.35க்குக் கீழே போனால் கிளைடர் மூக்கை ஆட்டிக்கொண்டே போகும்.

செங்குத்து வாலுக்கும் இதே கணக்குதான், ஆனால் கீழே இறக்கையின் அகலத்துக்குப் பதில் முனைக்கு முனை நீளத்தைப் போட வேண்டும். விடை 0.02 முதல் 0.03 வரை. இதைப் பெரிதாக வைத்தால் நல்லது என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். பெரிதானால் வேறு தொல்லை வரும், "ஒரு பக்கமா சாயுது" கேள்வியில் சொல்கிறேன்.

"இறக்கையைத் தேய்க்காம தட்டையாவே விட்டா பறக்காதா?"

பறக்கும். ஆனால் தேய்த்தது இன்னும் தூரம் போகும். நம் கிளைடர் நொடிக்கு சுமார் 4 மீட்டர் வேகத்தில், 7 செ.மீ. அகல இறக்கையோடு போகிறது. ரெனால்ட்ஸ் எண் என்று ஒன்று உண்டு: வேகத்தையும் அகலத்தையும் பெருக்கி, காற்றின் பிசுக்குத்தன்மையால் வகுப்பது. நமக்கு அது 20,000க்குள் நிற்கிறது. ஆள் ஏறிப் பறக்கும் கிளைடருக்குப் பத்து லட்சத்தைத் தொடும். எண் குறைவாக இருந்தால் காற்று இறக்கையின் மேல்பரப்பை ஒட்டிப் போகாமல் எளிதில் பிரிந்துவிடும். அதனால்தான் பெரிய விமானத்தின் குண்டான இறக்கை வடிவத்தைச் சின்னதாக்கி வைத்தால் சரிப்படாது. நமக்கு மெல்லிசாக, லேசான வளைவோடு இருப்பதே நல்லது. குறுகிய இறக்கை வேண்டாம் என்று மேலே சொன்னதும் இதனால்தான்.

தேய்க்கும் முறை இது. முன் விளிம்பிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளி, நடுவில் 2.5 செ.மீ.யிலும் முனையில் 2 செ.மீ.யிலும் புள்ளி வைத்து ஒரு பென்சில் கோடு போடுங்கள். அந்தக் கோட்டின் மேல் உப்புத்தாள் படவே கூடாது. அதுதான் உச்சம். 120 நம்பர் உப்புத்தாளை ஒரு மரக்கட்டையில் சுற்றி, கோட்டிலிருந்து பின் விளிம்பை நோக்கிச் சரிவாகத் தேய்த்து, விளிம்பு 1 மி.மீ. ஆகும் வரை கொண்டு வாருங்கள். முன்பக்கம் சின்னச் சரிவு போதும், விளிம்பை உருட்டி விடுங்கள். அடிப்பக்கம் தட்டையாகவே இருக்கட்டும், முன் விளிம்பின் அடியை மட்டும் லேசாக மேலே தூக்கித் தேய்த்தால் போதும்.

நடுநடுவே இறக்கையை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, முனையிலிருந்து ஒரு கண்ணால் பாருங்கள். மேடுபள்ளம் நிழலாகத் தெரியும். இரண்டு பாதியையும் மாற்றி மாற்றித் தேய்த்து, எடை பார்த்துக்கொண்டே போங்கள். நகைக்கடை மாதிரிச் சின்ன டிஜிட்டல் தராசு இருந்தால் இங்கேதான் அது கை கொடுக்கும். கடைசியில் 320 நம்பர் தாளில் ஒரு முறை. அவசரப்பட வேண்டாம், கிளைடர் வேலையிலேயே நேரம் கொடுத்துச் செய்ய வேண்டிய இடம் இதுதான்.

"இறக்கை முனையை ஏன் தூக்கி வைக்கணும்? நேரா இருந்தா பார்க்க அழகா இருக்கே"

நேராக இருந்தால், ஒரு சின்னக் காற்று இடது பக்கம் சாய்த்துவிட்டதும் கிளைடருக்குத் திரும்பி நிமிர வழியே இல்லை. உள்ளே உட்கார்ந்து சரி செய்ய விமானி கிடையாது. முனைகள் தூக்கி இருந்தால், சாய்ந்த பக்கமாகக் கிளைடர் சறுக்கும்போது தாழ்ந்த இறக்கைக்குக் காற்று கொஞ்சம் அதிகக் கோணத்தில் வந்து மோதும். அந்தப் பக்கம் தூக்கல் (காற்று இறக்கையை மேலே தள்ளும் விசை) கூடி, தானே நிமிர்ந்துவிடும்.

ஒவ்வொரு முனையும் 3 செ.மீ. உயரட்டும். ஒரு பாதியை மேஜையில் தட்டையாக வைத்து, மற்ற பாதியின் முனைக்கு அடியில் 6 செ.மீ. உயரத்துக்குப் புத்தகங்களை அடுக்கி ஒட்டினால் கணக்கு சரியாக வரும். அதற்கு முன் இணைக்கும் விளிம்பைச் சாய்வாகத் தேய்த்து, இரண்டும் இடைவெளி இல்லாமல் உட்காருகிறதா என்று பாருங்கள். இடைவெளியைப் பசையால் நிரப்பினால் அந்த இடத்தில்தான் பிற்பாடு உடையும்.

"எந்தப் பசை நல்லது?"

பால்சாவுக்கு ஃபெவிகால் போதும், ஓர் இரவு காய விடுங்கள். அவசரத்துக்கு ஃபெவிக்விக். ஆனால் தெர்மாகோலில் ஃபெவிக்விக் தொடவே தொடாதீர்கள், கரைத்துவிடும். ரப்பர் வகைப் பசைகளும் அப்படித்தான். வால் பக்கம் ஒரு சொட்டுப் பசை கூடினால் அதை ஈடுகட்ட மூக்கில் அதைவிட அதிகமாக வெயிட் வைக்க வேண்டிவரும், அதனால் அங்கே துடைத்து ஒட்டுங்கள்.

"மூக்குல வெயிட் வைக்கச் சொல்றீங்க. லேசா இருந்தாத்தானே பறக்கும்?"

இந்த ஒரு கேள்விக்குப் பதில் புரிந்துவிட்டால் கிளைடர் பறந்துவிடும். எடை எவ்வளவு என்பதைவிட எடையின் மையம் எங்கே என்பதுதான் முக்கியம். இறக்கையும் வாலும் சேர்ந்து கொடுக்கும் தூக்கலுக்கு ஒரு நடுநிலைப் புள்ளி இருக்கிறது. எடையின் மையம் அதற்கு முன்னால் இருந்தால், காற்று மூக்கைத் தூக்கினாலும் கிளைடர் தானே பழைய நிலைக்கு வரும். பின்னால் போய்விட்டால் ஒரு சின்ன ஆட்டம் பெரிதாகிக்கொண்டே போய்க் குப்புற விழும். எவ்வளவு அழகாகத் தேய்த்த இறக்கையாக இருந்தாலும் இதிலிருந்து தப்பிக்க முடியாது.

மேலே சொன்ன அளவுக்கு நடுநிலைப் புள்ளி இறக்கையின் சராசரி அகலத்தில் 45 சதவீதத்துக்குப் பக்கத்தில் வரும். எடையின் மையத்தை 33 முதல் 35 சதவீதத்தில் வையுங்கள். அதாவது முன் விளிம்பிலிருந்து 2.3 முதல் 2.5 செ.மீ. பின்னால். இறக்கையின் அடியில் உடலின் இரண்டு பக்கமும் அந்த இடத்தில் பேனாவால் புள்ளி வைத்து, இரண்டு விரல் நுனியில் தாங்கிப் பாருங்கள். மூக்கு நுனியில் களிமண்ணை அப்பிக்கொண்டே வந்தால் ஒரு கட்டத்தில் சமமாக நிற்கும். மூன்றரை கிராம் அளவில் போய் நிற்கும், கிட்டத்தட்ட ஒரு ஒரு ரூபாய் நாணயத்தின் எடை. சிலர் நாணயத்தையே ஒட்டிவிடுகிறார்கள். ஆரம்பத்தில் களிமண்ணே நல்லது, கிள்ளி எடுக்கலாம், சேர்க்கலாம்.

இது புதிய விஷயமும் அல்ல. இங்கிலாந்தின் ஜார்ஜ் கேலி 1804லேயே ஒரு கழியில் இறக்கையும் பின்னால் வாலும் வைத்து ஒரு மாதிரி கிளைடர் செய்தார். எடையின் மையத்தை மாற்றுவதற்கென்று அதில் நகர்த்தக்கூடிய ஒரு வெயிட்டும் வைத்திருந்தார். இன்றைக்கு நாம் களிமண்ணைக் கிள்ளுவது அதே வேலைதான்.

"எறிஞ்சா மேல ஏறி, அப்படியே நின்னு, அப்புறம் குத்துது"

இதற்குப் பெயர் ஸ்டால். இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் ஒரு அளவுக்கு மேல் போனால் மேல்பரப்பில் காற்று பிரிந்து தூக்கல் விழுந்துவிடும். மூக்கு தூக்கிக்கொண்டே போய், வேகம் குறைந்து, அந்த இடத்துக்கு வந்து நிற்கிறது. ஜெர்மனியின் ஓட்டோ லிலியென்தால் 1896ல் தன் கிளைடரிலிருந்து விழுந்து இறந்ததும் இப்படி மூக்கு தூக்கி நின்றுவிட்டதால்தான். நமக்கு மரம்தான் உடையும், ஆனால் காரணம் ஒன்றே.

முதலில் எடை மையத்தைச் சரிபாருங்கள், முந்தைய பதிலில் சொன்ன புள்ளியில் இருக்கிறதா என்று. பின்னால் இருந்தால் களிமண் சேருங்கள். சரியாக இருந்தால், கிடை வாலின் பின் விளிம்பை அரை மி.மீ. கீழே மடக்குங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம், அதுவும் சின்னதாக. களிமண்ணையும் சேர்த்து, வாலையும் மடக்கிவிட்டால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போகும்.

எறிந்த விதத்தையும் பாருங்கள். மூக்கை மேலே பார்த்து எறிந்தால் எந்தக் கிளைடரும் ஸ்டால் ஆகும். சோதனைக்கு எறியும்போது இறக்கைக்குக் கீழே உடலைப் பிடித்து, மூக்கு துளி கீழே பார்க்க, பத்து மீட்டர் தள்ளித் தரையில் ஒரு இடத்தைக் குறிவைத்து நேராகத் தள்ளி விடுங்கள். கையை வீச வேண்டாம்.

"எனக்கு நேரெதிர். நேரா போய் தரையில குத்துது"

களிமண்ணைக் கொஞ்சம் கிள்ளி எடுங்கள், அல்லது வாலின் பின் விளிம்பை அரை மி.மீ. மேலே மடக்குங்கள். எதை முதலில்? எடை மையம் புள்ளிக்கு முன்னால் இருந்தால் களிமண், புள்ளியிலேயே இருந்தால் வால். பால்சாவை மடக்கும் முன் அந்த இடத்தில் வாயால் ஊதி ஈரப்பதம் ஏற்றினால் ஒடியாமல் வளையும்.

"வாலை மேல மடக்கினா அது கீழதானே அழுத்தும்? தூக்கலைக் குறைக்கிற வேலையை ஏன் நாமே செய்யணும்?"

நல்ல கேள்வி, கொஞ்சம் யோசிப்பவர்கள் கேட்பது. வாலின் கோணம் இறக்கையின் கோணத்தைவிடக் குறைவாக இருப்பதுதான் கிளைடரைத் தன் வேகத்தைத் தானே பார்த்துக்கொள்ள வைக்கிறது. வேகம் கூடினால் இந்தக் கோண வித்தியாசம் மூக்கைத் தூக்கி வேகத்தைக் குறைக்கும். வேகம் குறைந்தால் மூக்கைத் தாழ்த்திக் கூட்டும். இந்த ஒழுங்குக்காகத் தூக்கலில் துளி இழப்பதில் தப்பில்லை. பிரான்சின் அல்போன்ஸ் பெனோ 1871ல் பாரிசின் டுயிலரி தோட்டத்தில் ரப்பர் முறுக்கால் ஓடும் சின்ன விமானத்தை 11 நொடி நிலையாகப் பறக்க வைத்துக் காட்டினார். அதில் வாலை இறக்கையைவிடக் குறைந்த கோணத்தில் வைத்திருந்ததுதான் சூட்சுமம்.

அடி தட்டையாக, மேல் வளைவாகத் தேய்த்த இறக்கைக்குப் பிறவியிலேயே இரண்டு மூன்று டிகிரி இருக்கிற மாதிரி அர்த்தம். அதனால் இறக்கையையும் வாலையும் உடலில் இணையாக ஒட்டினாலே கிட்டத்தட்ட சரியாக வரும். தேய்க்காத தட்டை இறக்கைக்குத்தான் வாலைக் கொஞ்சம் அதிகமாக மடக்க வேண்டியிருக்கும்.

"மெதுவா விட்டா சூப்பரா போகுது. ஓங்கி எறிஞ்சா லூப் அடிச்சு தலைகீழா விழுது!"

மேலே சொன்ன கோண வித்தியாசத்தின் விளைவு வேகத்தின் வர்க்கத்தில் கூடும். வேகம் இரண்டு மடங்கானால் மூக்கைத் தூக்கும் விசை நான்கு மடங்கு. மூக்கிலுள்ள களிமண்ணின் எடையோ மாறாது. நிறையக் களிமண் அப்பி, அதை ஈடுகட்ட வாலையும் நிறைய மேலே மடக்கியிருக்கிறீர்கள் என்றால், மெதுவான வேகத்தில் இரண்டும் சமன் ஆகிவிடும், ஓங்கி எறிந்தால் வால் ஜெயித்துவிடும். களிமண்ணைக் கொஞ்சம் எடுத்து, வால் மடிப்பையும் கொஞ்சம் குறையுங்கள். இங்கு மட்டும் இரண்டையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும்.

சோதிக்க ஒரு வழி: மூக்கை 30 டிகிரி கீழே பார்க்க வைத்து மிதமாக எறியுங்கள். மெல்ல வளைந்து நிமிர்ந்தால் சரி. வெடுக்கென்று மேலே போனால் மையம் ரொம்ப முன்னால். நிமிராமல் அப்படியே போனால் பின்னால்.

உயரத்துக்கு எறிவதற்கும் ஒரு முறை உண்டு. வலது கைக்காரர் என்றால் கிளைடரை 30, 40 டிகிரி வலப்பக்கம் சாய்த்து, அதே அளவு மேல்நோக்கி எறியுங்கள். வலப்பக்கமாகச் சுழன்று ஏறி, உச்சியில் நிமிர்ந்து, இடப்பக்கமாகப் பெரிய வட்டத்தில் இறங்க வேண்டும். அந்த இடது வட்டத்துக்குச் செங்குத்து வாலின் பின் விளிம்பைத் துளி இடப்பக்கம் மடக்கினால் போதும்.

"ஒரு பக்கமா சாயுது, வட்டம் சின்னதாகிட்டே போய் விழுது"

கிளைடரை முகத்துக்கு நேரே பிடித்து, பின்னாலிருந்து பாருங்கள். இரண்டு இறக்கையின் பின் விளிம்பும் ஒரே மாதிரி தெரிகிறதா? ஒரு பக்கம் கீழே முறுக்கியிருந்தால் அந்தப் பக்கம் தூக்கல் கூடி, கிளைடர் மறுபக்கம் சாயும். கெட்டில் ஆவியில் அந்த இடத்தைக் காட்டி, எதிர்ப்பக்கம் முறுக்கி, ஆறும் வரை பிடித்திருங்கள். தெர்மாகோலுக்கு ஆவி வேண்டாம், கையாலேயே மெல்ல வளைக்கலாம். இரண்டு முனையின் பின் விளிம்பும் ஒரு மி.மீ. மேலே இருந்தால் இன்னும் நல்லது, வட்டமடிக்கும்போது முனை முதலில் ஸ்டால் ஆகாது.

அடுத்து, மூக்கிலும் வாலிலும் விரல் வைத்துத் தாங்கிப் பார்த்தால் எந்த இறக்கை கனம் என்று தெரியும். லேசான முனையில் ஒரு குண்டூசியைச் செருகிச் சமன் செய்யலாம். செங்குத்து வால் வளைந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

எல்லாம் நேராக இருந்தும் வட்டம் சுருங்கினால் செங்குத்து வால் பெரிது, அல்லது முனை உயரம் போதாது. பெரிய வால் கிளைடரைச் சறுக்கவே விடாது. சறுக்கினால்தானே தூக்கிய முனைகள் நிமிர்த்தும்? வாலைக் கொஞ்சம் வெட்டிக் குறைத்துப் பாருங்கள். ரொம்ப வெட்டிவிட்டால் பின்பக்கம் இடமும் வலமுமாக ஆட ஆரம்பிக்கும், அதற்கு முன் நிறுத்திக்கொள்ளுங்கள்.

"எடை கூடினா தூரம் குறையும்ல?"

அசையாத காற்றில் தூரம் கிட்டத்தட்ட மாறாது, வேகம்தான் கூடும். எடை நான்கு மடங்கானால் வேகம் இரண்டு மடங்கு. சீக்கிரம் போய்ச் சீக்கிரம் இறங்கும். அதனால் தூரப் போட்டிக்கு எடை பெரிய விஷயமில்லை, காற்று வீசும் நாளில் கொஞ்சம் கனமானது நன்றாகவே போகும். நேரப் போட்டி என்றால் ஒவ்வொரு கிராமும் கணக்கு.

"மேல போற காத்தும் கீழ போற காத்தும் ஒரே நேரத்துல பின்னாடி சேரணும், அதனாலதான் லிஃப்ட் வருதுன்னு படிச்சேன். சரியா?"

சரியில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் சேர வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. உண்மையில் மேலே போகும் காற்றுதான் முந்திப் பின் விளிம்புக்கு வந்துவிடுகிறது. மேலே வேகம் அதிகம், அழுத்தம் குறைவு என்பது உண்மை, அதற்குச் சொல்லும் காரணம்தான் தவறு. இறக்கை தன்னைச் சுற்றியுள்ள காற்றைக் கீழே திருப்பி விடுகிறது, பதிலுக்குக் காற்று அதை மேலே தள்ளுகிறது. மேலும் கீழும் ஒரே நீளமுள்ள தட்டை இறக்கையும் பறக்கும் என்று முன்பே பார்த்தோம், இந்த ஒன்றே போதும்.

"ரஃபேல் மாதிரி, தேஜஸ் மாதிரி செஞ்சா ஏன் பறக்க மாட்டேங்குது?"

அந்தப் போர் விமானங்களைக் கணினி நொடிக்கு நொடி பிடித்து ஓட்டுகிறது, பின்னால் இன்ஜின் தள்ளுகிறது. கிளைடருக்கு இரண்டும் கிடையாது. அகலமான முக்கோண இறக்கை ஒரு மீட்டர் இறங்குவதற்குள் முன்னால் போகும் தூரம் குறைவு, அதோடு இரண்டிலும் பின்னால் கிடை வாலே இல்லை. ஆசையாக இருந்தால் செய்யலாம், எடை மையத்தை இன்னும் முன்னால் வைத்து, இறக்கையின் பின் விளிம்பை மேலே மடக்கினால் பறக்கும். ஆனால் முதல் கிளைடராக வேண்டாம்.

"எப்போ, எங்க விடறது?"

சரி செய்யும் வேலை எல்லாம் விடிந்ததும், காற்று எழும்புவதற்கு முன். புல் தரை இருந்தால் நல்லது. கிளைடரைக் காற்றுக்கு எதிராக விடுங்கள். கடலோர ஊர்களில் மதியத்துக்கு மேல் கடற்காற்று வந்துவிடும். ஆடி மாதத்தில் இந்தச் சின்னக் கிளைடரை வெளியே எடுக்காமல் இருப்பதே அதற்கு நல்லது. விமான நிலையம், சாலை, மின்கம்பி பக்கம் வேண்டாம். மின்கம்பியில் மாட்டினால் அதை அப்படியே விட்டுவிடுங்கள்.

நீண்ட நேரம் பறக்க வைக்க வேண்டுமென்றால் பத்து மணிக்கு மேல் வாருங்கள். உழுத வயலும் பொட்டல் தரையும் சுற்றியுள்ள பச்சையைவிடச் சீக்கிரம் சூடாகும், அங்கிருந்து சூடான காற்று மேலே எழும்பும். இதைத்தான் தெர்மல் என்கிறோம். கரும்பருந்தோ செம்பருந்தோ இறக்கை அடிக்காமல் வட்டமிட்டு ஏறினால் அதன் அடியில் இருக்கிறது. நம் கிளைடர் நொடிக்கு அரை மீட்டர் அளவில்தான் இறங்குகிறது. எழும்பும் காற்று அதைவிட வேகமாக இருந்தால் கிளைடர் ஏறும். நேராகப் பறந்தால் தெர்மலைத் தாண்டிப் போய்விடும், அதனால்தான் இடது வட்டம் வேண்டும் என்றேன்.

"அப்படி ஏறிப் போயிட்டா திரும்பக் கிடைக்குமா?"

கிடைக்காமலும் போகும். இறக்கையில் உங்கள் போன் நம்பரை எழுதி வையுங்கள். பெரிய கிளைடர்களில் குறிப்பிட்ட நேரம் ஆனதும் கிடை வாலின் பின்பக்கம் 40 டிகிரி அளவுக்கு மேலே தூக்கிக்கொள்ளும்படி செய்கிறார்கள். கிளைடர் ஸ்டால் ஆன நிலையிலேயே, முன்னால் போகாமல், தட்டையாக இறங்கிவிடும். முன்பு எரியும் திரி, இப்போது டைமர். 17 கிராம் கிளைடரில் இதை வைக்க இடமில்லை, அதற்குப் பதில் வட்டத்தைக் கொஞ்சம் சிறிதாக்கலாம்.

"இதுல தேறிட்டேன், அடுத்து என்ன?"

கயிறு கட்டி ஏற்றும் கிளைடர் ஒரு வழி. சர்வதேசப் போட்டியில் எஃப்1ஏ என்ற பிரிவு இது: 50 மீட்டர் கயிறு, குறைந்தபட்சம் 410 கிராம் எடை. ரிமோட்டில் ஆசை இருந்தால் எஃப்3கே. ஒன்றரை மீட்டர் இறக்கையின் முனையைப் பிடித்து, உடம்போடு ஒரு சுற்றுச் சுற்றி எறிவார்கள். பள்ளி, கல்லூரியில் படிப்பவர்கள் என்.சி.சி. விமானப் பிரிவில் சேர்ந்தால் ஏரோமாடலிங் அங்கே பயிற்சியிலேயே உண்டு.

"நேத்து அருமையா பறந்துச்சு, இன்னைக்கு அதே கிளைடர் பறக்கல. என்ன ஆச்சு?"

பெரும்பாலும் மூன்றில் ஒன்று. மூக்குக் களிமண் தரையில் மோதிக் கொஞ்சம் உதிர்ந்திருக்கும். வாலின் மடிப்பு தானே நிமிர்ந்திருக்கும். அல்லது ராத்திரி ஈரக்காற்றில் இறக்கை முறுக்கியிருக்கும், மழைக்காலத்தில் இது சகஜம். நன்றாகப் பறந்த அன்றைக்கே எடை மையம் நின்ற இடத்தைப் பேனாவால் குறித்து, மொத்த எடையையும் வால் மடிப்பின் அளவையும் உடலிலேயே எழுதி வையுங்கள். மறுநாள் அந்த மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்தால் எது மாறியது என்று உடனே தெரிந்துவிடும். இறக்கைக்கு இரண்டு கோட்டு வார்னிஷ் மெல்லிசாகப் பூசித் தேய்த்து வைத்தால் ஈரம் அவ்வளவாக ஏறாது. சுவரில் சாய்த்து வைக்காமல், உடலை மட்டும் ஒரு ஆணியில் தாங்கித் தொங்க விடுங்கள்.